காரில் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமா? கதவில் தொடங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுத பூஜை, தீபாவளி நெருங்கினால் போதும், கார் மியூசிக் சிஸ்டம் விளம்பரங்கள் வரிசைகட்டி வந்துவிடும். பத்து அங்குலத் தொடுதிரை, தாழ்ந்த சுரங்களுக்கென்று தனிப்பெட்டியில் வரும் 4,000 வாட் வூஃபர், கூடவே ரிவர்ஸ் கேமரா என்று ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறார்கள். வாங்கிப் பொருத்தியவர்களில் பலர் பிறகு சொல்வது ஒன்றுதான்: "சத்தம் கூடிடுச்சு, ஆனா பாட்டு தெளிவா இல்ல." பணம் போகும் வரிசை தலைகீழாக இருப்பதுதான் இதற்கு முதல் காரணம். திரையில் ஆரம்பித்து, வூஃபருக்குப் போய், கதவைத் தொடாமலே வேலையை முடித்துவிடுகிறார்கள். கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. பெட்டி சரியில்லாமல் ஸ்பீக்கர் பாடாது.

கம்பெனியிலிருந்து வரும் காரின் முன்கதவைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். வெளித்தகடு மெல்லியது. உள்தகட்டில் கண்ணாடி மோட்டாரை எடுக்கவும் மாட்டவும் உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றை ஒரு பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது பின்பக்கம் எழும் ஒலி, முன்பக்க ஒலிக்கு நேர் எதிரானது. அது அந்த ஓட்டைகள் வழியே காருக்குள் வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடுகிறது. தாழ்ந்த சுரங்கள்தான் இதில் அதிகம் அடிபடும். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. பேஸ் குமிழைத் திருகினால் தகடுதான் அதிரும். 15,000 ரூபாய் ஸ்பீக்கரை அதே கதவில் மாட்டினாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும்.

இதற்கு மருந்து, அலுமினியத் தாள் ஒட்டிய 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட். கடைகளில் டேம்பிங் ஷீட் என்று கேட்டால் தருவார்கள். இரண்டு முன்கதவுகளுக்கும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் போதும். வெளித்தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தகட்டின் நடுப்பகுதியிலுமாகக் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: "டங்" என்றது "தொப்" என்று மாறியிருந்தால் வேலை முடிந்தது. உள்தகட்டுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. பெரிய ஓட்டைகள்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி வைத்து, அதன்மேல் ஷீட்டை ஒட்டிக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைக்க வேண்டும். ஒட்டியபின் சிறு ரோலரால், ஷீட்டின் மேலுள்ள புடைப்புகள் தட்டையாகும்வரை அழுத்த வேண்டும். கையால் அழுத்திவிட்டுப் போனால் வெயில் காலத்தில் ஓரம் கிளம்பிவிடும்.

விலை குறைவு என்று தார் ஷீட்டை ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மொட்டைமாடிக்குப் போடும் ஷீட் அது. சித்திரை வெயிலில் நின்ற காரின் கதவுக்குள் அது இளகி வழியும். நாற்றம் பல மாதம் போகாது. தயவுசெய்து வேண்டாம்.

மழை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுக்கு உள்ளே ஓடி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும்படிதான் எல்லாக் கார்களும் செய்யப்பட்டுள்ளன. அந்தத் துளைகளை ஷீட்டால் அடைத்தால் தண்ணீர் தேங்கி, கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். அதேபோல் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு ஓட்டையை மூடாமல் விட்டால் ஐப்பசி மழையில் தரைவிரிப்பு நனையும். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடை மூடுமுன் கண்ணாடியை நான்கைந்து முறை ஏற்றி இறக்கி, பூட்டுக் கம்பிகளில் ஷீட் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில், மோதலை உணரும் காற்றழுத்த சென்சார் முன்கதவுக்குள்ளேயே இருக்கும். அத்தகைய கதவைச் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் மூடக் கூடாது.

அடுத்தது முன்பக்க ஸ்பீக்கர். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் முன்கதவுக்கு ஆறரை அங்குலம் பொருந்தும். தாழ்ந்த சுரங்களுக்கும் நடுச் சுரங்களுக்கும் பெரிய ஸ்பீக்கர் தனி, உச்சச் சுரங்களுக்கு ட்வீட்டர் என்ற சிறு ஸ்பீக்கர் தனி என்று வரும் காம்போனென்ட் செட் நல்லது. பாடுகிறவரின் குரல் கால்மாட்டிலிருந்து எழும்பி டாஷ்போர்டு உயரத்துக்கு வந்துவிடும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் அமரும் தகட்டிலிருந்து கண்ணாடிவரை ஆழத்தை அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் இடையில் வளையம் வைப்பார்கள். அது பிளாஸ்டிக்காகவோ, வண்ணம் பூசிய வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டாகவோ இருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில், பூச்சில்லாமல் வெட்டிய வளையம் ஈரத்தில் ஊதி, திருகு பிடி விட்டுவிடும். ஸ்பீக்கருக்கும் டோர் பேடுக்கும் இடையிலுள்ள சந்தை ஃபோம் வளையத்தால் அடைக்கவும். இல்லாவிட்டால் ஒலியில் ஒரு பகுதி பேடுக்குள்ளேயே சுற்றும்.

கம்பெனி ஸ்டீரியோவிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால், ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 90 டெசிபலுக்குக் குறையாததாகப் பாருங்கள். அதில் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடியை ஒட்டிய முக்கோண இடத்தில் வைப்பது பாதுகாப்பு. பக்க ஜன்னல்களை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் முன் தூணில் துளையிட்டு மாட்டவே கூடாது. ஏர்பேக் விரியும்போது ட்வீட்டர் முகத்தை நோக்கிப் பறக்கும்.

பிளஸ், மைனஸ் மாறிப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு பக்கம் மட்டும் மாறினால் இரண்டு கதவுகளின் பேஸும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் வைத்தும், பிறகு நடுவில் வைத்தும் கேளுங்கள். நடுவில் வைக்கும்போது பேஸ் குறைந்தால் ஒரு ஸ்பீக்கரின் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி வாட் கணக்கு. ஸ்டீரியோவின் முகத்தில் 50 வாட் பெருக்கல் 4 என்று எழுதியிருக்கும். ஓடும் காரில் கிடைப்பது 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒலி சிதையாமல் தரக்கூடிய உச்சம், ஏட்டுக் கணக்கிலேயே சுமார் 26 வாட்தான். நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியே நிற்கும். அதற்குமேல் குமிழைத் திருகினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, ட்வீட்டர் சூடேறிக் கருகும். ஸ்பீக்கர் கெட்டது என்று கொண்டுவருவார்கள். குற்றம் ஸ்பீக்கரிடம் இருக்காது.

ஒலியின் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்) வாங்கும்போது அட்டைப்பெட்டி எண்ணை விட்டுவிட்டு அதன் பின்புறம் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் உள்ளே போவது அதிகபட்சம் 30 பெருக்கல் 13.8, அதாவது 414 வாட். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகை ஆம்ப் அதில் எண்பது சதவீதத்தை வெளியே தந்தாலும் 330 வாட்தான். அதன்மேல் 4,000 வாட் என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி மட்டுமே. சிறு காருக்கு ஒரு சேனலுக்கு 75 வாட் ஆர்.எம்.எஸ். தரும் நான்கு சேனல் ஆம்ப் தாராளம்: இரண்டு சேனல் முன்கதவுக்கு, மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, வூஃபருக்கு.

ஒயர் வேலையைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். 300 வாட் ஆம்ப் முழு வேகத்தில் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 8 கேஜ், அதாவது சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு ஒயரும் 40 ஆம்பியர் ஃப்யூஸும் வேண்டும். அந்த ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருந்தே ஆக வேண்டும். ஆம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆம்பின் ஃப்யூஸ் ஆம்பைக் காக்கும். பேட்டரிக்கருகே உள்ள ஃப்யூஸ்தான் ஒயரைக் காக்கும். பானெட்டிலிருந்து கேபினுக்குள் நுழையும் இடத்தில் தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வழியில் ஃப்யூஸ் இல்லாவிட்டால் ஒயர் பழுத்துத் தரைவிரிப்பு பற்றிக்கொள்ளும். ஆகவே அந்தத் துளையில் ரப்பர் புஷ் கட்டாயம்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கிட் ஒயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியவை, சி.சி.ஏ. என்பார்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செம்பில் மூன்றில் இரண்டு பங்கு மின்னோட்டத்தையே அது தாங்கும். அதைத்தான் போடுவதென்றால் இரண்டு கேஜ் தடிமன் கூட்டுங்கள், அதாவது 8 கேஜுக்குப் பதில் 6 கேஜ்; கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். எர்த் ஒயர் 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது. பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதில் மாட்டுவது குற்றம் என்றே சொல்வேன். எர்த் சரியில்லாவிட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ஙீ" என்ற இரைச்சல் ஏறும். சிக்னல் ஒயரை ஒரு பக்கமாகவும் பவர் ஒயரை மறுபக்கமாகவும் கொண்டுபோவது நல்ல பழக்கம்.

ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் கெய்ன் குமிழை வால்யூம் குமிழ் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுவது அடுத்த கொடுமை. ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிட வேலை இது. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பேஸ், ட்ரெபிளைச் சுழியில் வைத்து, வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, 300 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டுங்கள். மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால் இந்த அளவு. ஆம்பின் வெளியீட்டை ஏ.சி. வோல்ட்டில் அளந்து, வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண்வரை கெய்னை ஏற்றுங்கள். 75 வாட், 4 ஓமுக்கு 17.3 வோல்ட். அதோடு நிறுத்துங்கள். முன் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ், வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும் லோ பாஸ் வைத்தால் கதவு ஸ்பீக்கரின் சுமை இறங்கி, குரல் உடனே தெளியும். வூஃபர் பெட்டி மூடியதாக இருந்தால் தவிலும் மிருதங்கமும் அடிக்கு அடி பிரிந்து கேட்கும். துளையுள்ள பெட்டி சத்தம் கூடத் தரும், ஆனால் அடியை இழுக்கும். மின்சாரத்தைத் தேக்கிவைத்து ஆம்புக்குத் தரும் கப்பாசிட்டர் போடச் சொன்னால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஒரு ஃபாரட் கப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்வரை தருவது சுமார் 32 ஜூல். 400 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இன்றைய கார்களில் கேமரா, ஏ.சி., வண்டி அமைப்புகள் எல்லாம் கம்பெனித் திரையோடு பிணைந்துள்ளன. அதைக் கழற்றாமலே, ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுத்துக்கொண்டு, ஒலியை எண்முறையில் திருத்தித் தரும் டி.எஸ்.பி. ஆம்ப் வைக்கலாம். வால்யூம் ஏற ஏற பேஸைக் குறைக்கும்படி கம்பெனி ஸ்டீரியோக்கள் பலவற்றை அமைத்திருக்கிறார்கள், டி.எஸ்.பி.யில் அதை ஓரளவு சரிக்கட்டலாம். ஒலி காதுக்கு வந்துசேரும் நேரத்தையும் திருத்தலாம். நம் வண்டியில் ஓட்டுநருக்கு வலக்கதவு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர், இடக்கதவு 150 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், வலதை 1.75 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் பாடகர் நடுவில் வந்து நிற்பார். ஒயரை வெட்ட வேண்டாம். வெட்டாமலே செருகி இணைக்கும், வண்டிக்கேற்ற கப்ளர் கிட் கிடைக்கிறது. ஒயர் வெட்டப்பட்டால் மின்பகுதி வாரன்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும். பொருத்திய பில்லைக் காட்டி, காப்பீட்டில் ஐ.எம்.டி. 24 என்ற மின்சாதனச் சேர்க்கையின் கீழ் பதிவு செய்துகொள்வதும் அவசியம்.

30,000 ரூபாய் ஒதுக்குகிறவருக்கு என் கணக்கு இது: கதவு ஷீட்டுக்கு 5,000, முன் ஸ்பீக்கருக்கு 9,000, ஆம்புக்கு 12,000, ஒயர், ஃப்யூஸ், கப்ளருக்கு 4,000. வூஃபர் அடுத்த ஆண்டு வரட்டும். பின்சீட் ஸ்பீக்கரையும் திரையையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை போனை ப்ளூடூத்தில் விடாமல் யு.எஸ்.பி. ஒயரில் இணைத்தால், செலவே இல்லாமல் ஒரு படி தெளிவு கூடும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் சிற்றூர்க் கடையானாலும், பில்லில் ஆம்பின் ஆர்.எம்.எஸ். வாட், ஒயரின் கேஜ், செம்பா சி.சி.ஏ.யா, பேட்டரி ஃப்யூஸின் ஆம்பியர் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் நாளிதழும் இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது, வாட் எண்ணுக்குப் பக்கத்தில் ஆர்.எம்.எஸ். அளவையும் அச்சிடும்படி விளம்பரதாரர்களைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கார் ஒலியமைப்புப் பொருத்துநர்,
திருச்சி.