ப்ராஜெக்ட் ரிவ்யூ கமிட்டிக்கு ஒரு எம்.எஸ்ஸி ஸ்டூடன்ட்டோட திறந்த மடல்

ரிவ்யூ கமிட்டி சாருங்களுக்கும் மேடங்களுக்கும் வணக்கம்.

போன செவ்வாக்கிழமை என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். மூணு மாசம் உக்காந்து செஞ்ச ஈஸ்ட் ஜீனோம் (ஒரு உயிரோட மொத்த டிஎன்ஏ) ஒப்பீட்டை அஞ்சாவது ஸ்லைடுலயே நிறுத்தி, "கம்ப்யூட்டர்ல செய்றதெல்லாம் ஆராய்ச்சியா, வெட் லேப் டாபிக் எடுத்துட்டு வாம்மா"ன்னு அனுப்பிட்டீங்க. வெட் லேப்னா டியூப், கெமிக்கல் வச்சு கையால செய்ற சோதனை. தயவுசெஞ்சு அந்த முடிவை மறுபடி யோசிங்க.

1996-ல பேக்கரி ஈஸ்டோட முழு ஜீனோம் வெளியாச்சு, சுமார் 1 கோடியே 20 லட்சம் டிஎன்ஏ எழுத்து. அடுத்த வருஷமே டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல கென் உல்ஃபும் டெனிஸ் ஷீல்ட்ஸும் அந்த டேட்டாவை அலசியே, இதோட மூதாதைக்கு மொத்த ஜீனோமும் ஒரு தடவை ரெட்டிப்பாயிருக்குன்னு சொன்னாங்க. எல்லாரும் உடனே ஒத்துக்கல. 2004-ல க்ளூய்வெரோமைசிஸ் வால்டின்னு ஒரு சொந்தக்கார ஈஸ்டோட ஜீனோம் வந்துச்சு, ரெட்டிப்பு நடக்குறதுக்கு முன்னாடியே பிரிஞ்சு போன கிளை அது. வால்டியில ஒரே துண்டுல வரிசையா இருக்குற ஜீன்கள் பேக்கரி ஈஸ்ட்ல ரெண்டு இடத்துல கொஞ்சம் இங்க கொஞ்சம் அங்கன்னு கெடக்கு, அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச சொத்து மாதிரி, மூலப்பத்திரத்தை நடுவுல வச்சாத்தான் ரெண்டும் ஒரே சொத்துன்னு தெரியுது. அதுக்கு முந்தின வருஷம் நாலு ஈஸ்டை ஒப்பிட்டுப் பாத்து, ஜீன்னு நெனச்சிட்டிருந்ததுல சுமார் 500-ஐ லிஸ்ட்ல இருந்தே தூக்குனாங்க. இதெல்லாம் ஆராய்ச்சி இல்லன்னா வேற எது சார் ஆராய்ச்சி?

நான் செஞ்சது இதுல ஒரு துளி. காலக்டோஸ் சர்க்கரையை செரிக்கிற ஜீன்களை மட்டும் நாலு ஈஸ்ட்ல எடுத்து வரிசை வரிசையா அடுக்குனேன். ஜப்பான்ல கெடச்ச குட்ரியாவ்செவி ஈஸ்ட்ல இந்த ஜீன்கள் செத்துப் போச்சுன்னு 2004-லயே பேப்பர் வந்துடுச்சு, அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டல்ல மத்த மூணு ஈஸ்ட்லயும் ஜீன் ஓடிட்டே இருக்க, இதுல மட்டும் பாதியிலயே ஸ்டாப் கோடான், அதாவது ஜீன் இங்க முடிஞ்சுதுன்னு சொல்ற மூணு எழுத்து, வந்து நிக்கிறதை என் கண்ணால பாத்தப்ப கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு மேடம். போர்ச்சுகல்ல கெடச்ச அதே இனத்துல இந்த ஜீன்கள் உயிரோட இருக்கு. செத்த ஜீனுக்குப் பக்கத்துல இருக்குற கண்ட்ரோல் பகுதி (ஜீனை எப்ப ஆன் பண்ணணும், ஆஃப் பண்ணணும்னு சொல்ற டிஎன்ஏ) எவ்வளவு சிதைஞ்சிருக்குங்கறதுதான் என் கேள்வி, அது ஏழாவது ஸ்லைடு, அதை நீங்க பாக்கவே இல்ல.

வெட் லேப் செய்யச் சொல்றீங்க, சரி. எங்க சார் செய்றது? டிஎன்ஏவை நகல் எடுத்துப் பெருக்குற நம்ம பிசிஆர் மெஷின் ஆகஸ்ட்ல இருந்து ரிப்பேர், "சர்வீஸுக்கு சொல்லியிருக்கு"ன்னு சீட்டு ஒட்டி அந்த சீட்டே மஞ்சளாயிடுச்சு. வெளிய பிரைவேட் லேப்ல கேட்டா 18,000 ரூபாய், என் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவரு. போன வருஷம் ஒரு அக்கா அப்படித்தான் காசு கட்டுனாங்க, டிஎன்ஏ சோதனை ரிசல்ட்டைக் காட்டுற ரெண்டு ஜெல் போட்டோவும் பைண்ட் பண்ண தீசிஸும் கைக்கு வந்துச்சு, பிப்பெட்டை அவங்க தொடவே இல்ல, அதுக்கு அப்ரூவல் உடனே கெடச்சுது. இது நியாயமா?

மனுஷ ஜீனோம் 300 கோடி எழுத்து, என் 4 ஜிபி லேப்டாப் தாங்காது. ஈஸ்ட் தாங்கும், டேட்டாவும் ஃப்ரீ, அதனாலதான் இதை எடுத்தேன். வசதியில்லாத காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு உருப்படியா ஒரு கேள்வி கேக்க இருக்குற வழி இது, அதையும் அடைச்சிடாதீங்க.

கோவத்துல ஏதாவது கூடுதலா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க. என் ப்ராஜெக்டை மறுபடி பாருங்கன்னு மட்டும்தான் கேக்குறேன். அடுத்த ரிவ்யூல பத்து நிமிஷம் குடுங்க போதும், அஞ்சாவது ஸ்லைடுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஜீன்களை வரிசையா அடுக்குன அலைன்மென்ட் பிரிண்ட்அவுட்டும் எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
ரெண்டாம் வருஷ எம்.எஸ்ஸி மாணவி