பேட்ஜைக் கழற்றி வைத்த நாள்

நாகர்கோவில்,
ஞாயிறு காலை.

மக்ளே,

நீ அனுப்பிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். முகம் வாடியிருக்கிறது, அங்கே சாப்பாடு சரியில்லை என்றாள். நான் உன் கோட்டில் குத்தியிருந்த, உடம்பு வாங்கும் கதிரைக் கணக்கு வைக்கும் பேட்ஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் என் சட்டையில் இருந்த பொருள், இப்போது ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் உன் நெஞ்சில்.

போனில் நீ வேகமாகச் சொல்லிக்கொண்டே போனதில் பாதிதான் பிடிபட்டது. செவ்வாய்க்குப் போகிறவர்களைக் கதிர்வீச்சிலிருந்து காக்க எந்தப் பொருள் தேறும் என்று பார்ப்பதுதான் உங்கள் குழுவின் வேலை, அதற்காக இரும்பு அணுக்கருக்களை வேகமேற்றிப் பிளாஸ்டிக் பலகைமேல் அடிக்கிறீர்கள் என்றாய். அன்றிலிருந்து இரண்டு வாரமாக இதைத்தான் படிக்கிறேன். படிக்கப் படிக்க, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு விஷயம் மேலே வந்துகொண்டே இருக்கிறது. போனில் அதைச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

அதற்கு முன்னால் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தப்பிருந்தால் திருத்து.

சின்ன வயதில் உனக்கு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லித்தந்தேனே, நேரம், தூரம், தடுப்பு என்று. புற்றுநோயாளிகளுக்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் அறையில் டெக்னீஷியன்களான எங்களைக் காத்தது இந்த மூன்றுதான். மேலே போய்விட்டால் தூரம் என்பதே இல்லை. விண்வெளியில் பாயும் காஸ்மிக் கதிர் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, எதைவிட்டு விலகி நிற்பது? நேரத்தைக் குறைக்கலாம் என்றால் செவ்வாய்க்கு ஒரு வழிப் பயணமே ஆறு மாதத்துக்கு மேல். மிஞ்சுவது தடுப்பு. அங்கேதான் நான் இத்தனை வருடம் நம்பியது ஆட்டம் கண்டது.

கோபால்ட் கதிரைப் பாதியாக்க ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர் ஈயம் போதும். இன்னொரு 1.2 வைத்தால் கால்வாசி. வைக்க வைக்கக் குறையும், ஏமாற்றாது. ஈயத்தைப் போல ஒரு காவல் இல்லை என்றே வாழ்ந்துவிட்டேன். நீ சொன்ன இரும்பு அணுக்கரு அந்தக் கணக்குக்கு அடங்காது போலிருக்கிறது. ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து ஈயத்தின் பெரிய அணுக்கருவில் மோதினால் இரண்டும் உடைந்து, நியூட்ரானும் மற்றத் துண்டுகளுமாக உள்ளே சிதறும். இதை எனக்கு நானே எப்படிப் புரியவைத்தேன் தெரியுமா? நம் பழைய வீட்டு அடுக்களைமேல் சாய்ந்து நின்ற தென்னையை வைத்து. கோபால்ட் கதிர் ஓட்டின்மேல் விழும் தூறல். தேங்காய் விழுந்தால் கதை வேறு. ஓடு அதைத் தடுப்பதில்லை, ஓடே சில்லுச் சில்லாகக் கீழே கொட்டும். ஆச்சி நெற்றியில் இருந்த தழும்பு தேங்காய் பட்டு வந்ததில்லை, ஓட்டுச் சில்லு பட்டு வந்தது.

ஹைட்ரஜன் நிறைந்த பொருளை ஏன் தேடுகிறீர்கள் என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஹைட்ரஜனின் கருவில் இருப்பது ஒரே ஒரு புரோட்டான், உடைந்து சிதற அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் பாலித்தீன், அதனால்தான் தண்ணீர். காய்கறி போட்டுத் தரும் பை எந்தப் பொருளோ அதே பொருள் எடைக்கு எடை அலுமினியத்தைவிட நல்ல காவல் என்று சொன்னேன், அம்மா நம்பவே இல்லை.

ஆனாலும் அது எவ்வளவு தாங்கும்? இங்கே நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ காற்று நிற்கிறது. பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். நம் கிணற்றை எட்டிப் பார்த்தபடி இதை யோசித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிணற்றுத் தண்ணீரின் அடியில் உட்கார்ந்துதான் நாம் எல்லோரும் சோறு பொங்கிச் சாப்பிடுகிறோம், பிள்ளை பெறுகிறோம். அதற்கும் மேலே பூமியின் காந்தப்புலம். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்குக்கூட அந்தக் குடை உண்டு. செவ்வாய்க்குக் கிளம்புகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். கிணற்றைச் சுமந்துகொண்டு போக எந்த ராக்கெட்டாலும் முடியாது.

கியூரியாசிட்டி வண்டி 2011 நவம்பரில் கிளம்பி 2012 ஆகஸ்டில் அங்கே இறங்கியது. அதில் இருந்த ராட் என்ற கருவி வழி நெடுகக் கதிரை அளந்துகொண்டே போயிருக்கிறது: ஒரு நாளைக்கு 1.84 மில்லிசீவர்ட். உடம்பு வாங்கும் கதிருக்கான அளவு அது. இந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் நாட்டில் கதிரோடு வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அங்கே பதினோரு நாளில் என் ஒரு வருடம் தீர்ந்துவிடுகிறது. போக வர 360 நாள் என்றால் சுமார் 660. செவ்வாய்த் தரையில் ஒரு நாளைக்கு 0.64 என்று அதே கருவி சொல்கிறது, 500 நாள் தங்கினால் அது 320. கூட்டிப் பார், ஏறக்குறைய ஆயிரம்.

இது அன்றாடக் கணக்கு. சூரியப் புயல் தனி. 1972 ஆகஸ்ட் 4-இல் அடித்ததைப் பற்றி நீ எனக்குச் சொல்லவே இல்லையே. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, 17 டிசம்பரில்தான் போனது. நடுவில் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு யாராவது வெறும் விண்வெளி உடையோடு நிலவில் நடந்துகொண்டிருந்தால் வாந்தியும் மயக்கமுமாக விழுந்திருக்கக் கூடும். ஆனால் புயலுக்காவது வழி இருக்கிறது. அதன் புரோட்டான்கள் பெரும்பாலும் வேகம் குறைந்தவை, தடுப்புக்குக் கட்டுப்படும். நாசாவின் ஓரியன் விண்கலத்தில் சாமான் பைகளை எடுத்துச் சுற்றி அடுக்கிக்கொண்டு நடுவில் பதுங்குவதுதான் ஏற்பாடு என்று படித்ததும் 2017-இல் ஒக்கிப் புயல் அடித்த ராத்திரி ஞாபகம் வந்தது. நடு அறையில் ஜன்னலுக்குப் பீரோவைச் சாய்த்து வைத்துவிட்டு நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நமக்கு வீடு இருந்தது. கடலில் இருந்தவர்களுக்குச் சேதி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பதுங்கு அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், முன்கூட்டித் தெரிந்தால்தான் அதற்குள் ஓட முடியும். சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஆதித்யா எல்1 விண்கலத்தைத் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

2022 நவம்பரில் கிளம்பிய ஆர்ட்டெமிஸ் 1, ஆள் இல்லாமல் நிலவைச் சுற்றிவிட்டு வந்ததே, அதில் போன ஹெல்கா, ஸோஹர் என்ற இரண்டு பொம்மைகளையும் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் பிசிக்ஸ் ரூமில் கதிரை அளந்து பார்க்க வைத்திருந்த ஃபேண்டம் பொம்மை அல்லவா! 38 துண்டாக அடுக்கிய பெண் உடல், எலும்பும் நுரையீரலும் வைத்து, உள்ளே ஆயிரக்கணக்கில் அளவிகள். ஸோஹருக்கு மட்டும் பாலித்தீன் அங்கி. அந்தப் பயணத்தில் பூமியைச் சுற்றியிருக்கும் வான் ஆலன் கதிர்ப் பட்டையைக் கடக்கும்போது கலம் திரும்பி நின்ற கொஞ்ச நேரத்தில் உள்ளே அளவு பாதியாகக் குறைந்ததாம். ஒரு கிராம் கூடுதல் சுமை இல்லாமல், திரும்பி நின்றதிலேயே பாதி! இப்படி ஒன்று கண்ணில் படும்போது நீ செய்கிற வேலைமேல் எனக்குப் பெரிய நம்பிக்கை வருகிறது. நீ இருக்கும் ஜி.எஸ்.ஐ. ஆய்வகத்திலேயே 1997 முதல் 2008 வரை கார்பன் அணுக்கருவைக் கொண்டு சுமார் 440 புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள் என்றும் படித்தேன். அப்பனும் மகளும் ஒரே தொழில்தான் பார்த்திருக்கிறோம், மக்ளே.

சரி, வரம்புக்கு வருகிறேன். நாசாவில் முன்பெல்லாம் வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப வரம்பு மாறும். அதே வயதுப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. அதாவது, பெண்களுக்கு நீண்ட பயணத்துக்கான கதவு சீக்கிரமே மூடிவிடும். 2022-இல் அதை மாற்றி, 35 வயதுப் பெண்ணை அடிப்படையாக வைத்து, வாழ்நாள் முழுதுக்கும் எல்லோருக்கும் 600 மில்லிசீவர்ட் என்று ஆக்கியிருக்கிறார்கள். இது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செவ்வாய்க் கணக்கு ஆயிரம், வரம்பு 600. யாரை அனுப்பினாலும் விலக்குக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் என் கதை வருகிறது.

1995. நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கோபால்ட் மெஷின், இரண்டு டெக்னீஷியன், ஒரு நாளைக்கு ஐம்பது நோயாளி. ஒரு மதியம் டைமர் முடிந்தும் சிவப்பு விளக்கு அணையவில்லை. கதிர் வீசும் கோபால்ட் துண்டு, நாங்கள் சோர்ஸ் என்போம், தன் ஈயக் கூட்டுக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்டது. உள்ளே மேசையில் குளச்சல் பக்கத்துப் பாட்டி ஒருவர், கருப்பைவாய்ப் புற்று. எமர்ஜென்சி பட்டனை அழுத்தினோம், அசையவில்லை. ஓடிப்போய் அவரை இழுத்துக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாம் பயிற்சியில் சொல்லித்தந்ததுதான். நான் கதவைத் திறக்கும்போது என்னைவிட மூத்தவர் சொன்னார்: “பேட்ஜைக் கழற்றி வச்சுட்டுப் போப்பா.”

கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. பேட்ஜில் எண் ஏறினால் விசாரணை வரும், என்னை மெஷினைவிட்டு மாற்றுவார்கள். அப்புறம் ஐம்பது பேருக்கு ஒற்றை ஆள். சிகிச்சை நடுவில் நின்றால் அந்த நோயாளிகளுக்கு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இதெல்லாம் எனக்கும் அந்த ஒரு நொடியில் தெரிந்தது. நல்ல காரணம்தான். பாட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினோம். மூன்று மாதம் கழித்து பேட்ஜ் ரிப்போர்ட் வந்தது, என் பெயருக்கு நேரே வழக்கமான சின்ன எண். எல்லோருக்கும் நிம்மதி. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

போன வருடம் என் இடது கண்ணில் புரை எடுத்தபோது டாக்டர், வயதுக்கு வருவதுதான் என்றார். அப்படித்தான் இருக்கும். ஆனால் விண்வெளிக்குப் போனவர்களில் அதிகக் கதிர் வாங்கியவர்களுக்குப் புரை கூடுதலாக வந்திருக்கிறது என்று இப்போது படிக்கும்போது, அந்த 1995 மதியம் திரும்ப வந்து நிற்கிறது. எனக்குப் பயம் புரையைப் பற்றி இல்லை. எவ்வளவு வாங்கினேன் என்று தெரிந்துகொள்ளும் ஒரே வழியை நானே மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன், அதுதான் உறுத்துகிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். செவ்வாய்க்குப் போகிறவர் சின்ன வயதிலிருந்து அந்த ஒரு பயணத்துக்காகவே வாழ்ந்திருப்பார். 600-ஐ நெருங்கிவிட்டீர்கள், இனி உங்களுக்கு இல்லை என்று சொன்னால், அவரும் பேட்ஜைக் கழற்றி வைக்கத் தயாராகத்தான் இருப்பார். அவரை அனுப்புகிறவர்களுக்கும் என் மூத்தவரைப் போல நல்ல காரணம் இருக்கும். நீங்கள் எந்தப் பலகையைக் கண்டுபிடித்தாலும், கூடவே இதையும் யோசியுங்கள். மறைக்கத் தேவையில்லாத ஏற்பாடு வேண்டும். எண் ஏறினால் வேலையும் மரியாதையும் போய்விடாது என்ற நிலை வேண்டும். போகிறவர் தன் எண்ணைத் தெரிந்துகொண்டு, தானே முடிவெடுத்துப் போகட்டும். திரும்பி வந்த பிறகு முப்பது வருடம் கழித்து அவர் கண்ணோ ரத்தமோ கெட்டால், டாக்டர் எடுத்துப் பார்க்க ஓர் உண்மையான தாள் இருக்கட்டும். நீ அங்கே சின்ன ஆள், உன் பேச்சு எங்கே எடுபடும் என்று நினைக்காதே. அன்றைக்கு அந்த அறையில் “பேட்ஜோடயே போப்பா” என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

அந்த நாளின் விவரத்தை டைரியில் குறித்து வைத்திருந்தேன், அப்படியே தருகிறேன். சோர்ஸ் பழையது, 80 சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 ராட் (இது அந்தக் கருவியின் பெயர் இல்லை, கதிரை அளக்கும் பழைய அலகு). மெஷின் தலை நேர் கீழே பார்த்திருந்தது. கதிர் விழும் ஃபீல்ட் 15-க்கு 15 சென்டிமீட்டர். நான் நின்றது மேசையின் இடப்பக்கம், கதிரின் விளிம்பிலிருந்து ஒரு கை தூரம். உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை 25 நொடி என்று மூத்தவர் எண்ணிச் சொன்னார். வலது கை மட்டும் இரண்டு மூன்று நொடி கதிருக்குள் போயிருக்கும்.

உன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார். சின்ன எண்ணாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். கைக்குத் தனியாக, கண்ணுக்குத் தனியாக, உடம்புக்குத் தனியாக எழுதி அனுப்பு. பெரிதாக வந்தாலும் எனக்காகக் குறைத்து எழுதாதே.

அப்பா