பாஹாநகா ஊர்க்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2023 ஜூன் 2 மாலை, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், பாஹாநகா பஜார் ரயில் நிலையத்தில், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் கோளாறு, விசாரணை பற்றியெல்லாம் நிறையவே எழுதியாயிற்று. எனக்கு மறக்காதது அந்த ஊர்க்காரர்கள்.

மீட்புப் படை வந்து சேரும் முன்பே அவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, கவிழ்ந்த பெட்டிகளுக்குள் இறங்கி ஆட்களை வெளியே தூக்கினார்கள். உள்ளே இருப்பவர் வங்காளியா தமிழரா பீகாரியா என்று யாரும் பார்க்கவில்லை. அன்று இரவே பாலசோர் மருத்துவமனையில் ரத்தம் கொடுக்க இளைஞர்கள் திரண்டு நின்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் என் நெஞ்சை உலுக்கியது. பத்தாம் நாள் ஊர்க்காரர்கள் பலர் மொட்டையடித்து, குளத்தில் முழுகி, முகம் தெரியாத அந்தப் பயணிகளுக்குக் காரியம் செய்தார்கள். பெற்ற தகப்பனுக்குப் பிள்ளை செய்கிற கடமை அது! அடையாளம் தெரியாமல் கிடந்தவர்களுக்கும் சொந்தம் என்று சொல்ல ஒரு ஊரே இருந்தது.

ஊசி என்றாலே ஒதுங்குகிற நான், அந்தச் செய்தியைப் படித்த வாரம் முதன்முறையாக ரத்தம் கொடுத்தேன். இன்றுவரை விடவில்லை. ஒவ்வொரு ஜூன் 2-லும் விபத்தை நினைவுகூரும்போது, இவர்களைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள், ஐயா.

இப்படிக்கு,
சென்னை வாசகர்