மூணு தட்டு பூல் டேபிள் பெட்டியில வருது, மக்களே

மக்களே,

பெட்டிய தக்கலையில கார்கோல கொடுத்தாச்சு, கப்பல்ல வாறதுனால கொஞ்சம் நாளெடுக்கும்னு சொன்னாங்க, நீ தெனமும் போன் போட்டு கேக்காண்டாம். நீ போட்டோ அனுப்பின அந்த அடுக்கு அடுக்கா உள்ள பூல் டேபிள்தான் உள்ள இருக்கு. கடையில கிடைக்கிறது பாதி பிளாஸ்டிக், பிள்ளைங்க கைய ஊனினா ஆடும், ஆடினா பந்து நேர ஓடாது, பொறவு ஒரு மாசத்துல கட்டிலுக்கு அடியில போயிரும். எனக்க பேரப்பிள்ளைங்களுக்கு அப்படி ஒண்ணு வேண்டாம்னுதான் நானே செஞ்சேன். மாட்டப் போறது நீதான், வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா தேவைப்படும்போது தேடி எடுக்க பாடு, அதான் எழுதுறேன். ஒரு தடவ முழுசா வாசிச்சிட்டு ஸ்க்ரூடிரைவர எடு.

பிரிச்ச உடனே மாட்டாண்டாம் கேட்டியா. சட்டமும் காலும் அயினி மரம், பந்து ஓடுற தட்டு மரைன் பிளைவுட். பிளைவுட் மெல்லிசு தகட ஒண்ணுக்கொண்ணு குறுக்க ஒட்டினதுனால பெருசா அசையாது, ஆனா அயினி தனிப்பலகை, ஈரத்துல ஊதும், காஞ்சா குறுக்குவாட்டுல சுருங்கும். இங்க ஜூன்ல இடவப்பாதி மழை தொடங்கினா ஐப்பசி துலாமழை முடியிற வரைக்கும் காத்துல ஈரம்தான், உனக்கு ஷார்ஜாவுல ராவும் பகலும் ஏசி. வந்த உடனே முறுக்கி இறுக்கிட்டா மரம் சுருங்கும்போது மூலையில பொளந்துரும். அதுனால எல்லாத்தையும் வெளிய எடுத்து டேபிள் வைக்கப்போற அதே ரூம்ல ஒரு வாரம் போல சாத்தி வையி. ஸ்க்ரூ ஓட்டைய நான் கொஞ்சம் நீளமா விட்டிருக்கேன், தப்பா துளைச்சதுன்னு நினைக்காத, மரம் நகருறதுக்கு விட்ட எடம் அது.

தட்டு மூணு, கொலுப்படி மாதிரி பின்னால ஏறி ஏறிப் போகும். கீழ்த்தட்டு மூணு அடிக்கு ஒன்றரை அடி, நடுத்தட்டு ரெண்டரைக்கு ஒண்ணேகால், மேல்தட்டு ரெண்டுக்கு ஒண்ணு. எல்லாமே நீளம் அகலத்துல ரெண்டு மடங்கு, பெரிய பூல் டேபிளுக்கும் அதே கணக்குதான், அத மாத்தினா ஓரத்து ரப்பர் குஷன்ல பட்டு வாற பந்தோட கோணம் கையில பழகாது. உனக்க டைனிங் டேபிள் தாங்கும், ஆனா அது கண்ணாடி டேபிள்னா வைக்காத, தரையிலயே வையி.

மாட்டுறது கீழருந்து மேல. நடுத்தட்டுக்க முன்கால் கீழ்த்தட்டுக்க பின்சட்டத்துல உக்காரும், மேல்தட்டு அதே போல நடுத்தட்டுல. கீழ உள்ளது கோணினா மேல உள்ள ரெண்டும் சேந்து கோணும். ஒவ்வொரு காலுக்கும் அடியில ஒரு போல்ட் நட்டு போட்டிருக்கேன், திருப்பினா ஏறும் எறங்கும். பெட்டியில எனக்க சின்ன ரசமட்டம் ஒண்ணு வச்சிருக்கேன், நான் வேலைக்கு போன காலம் முழுக்க கையில இருந்தது, பத்திரமா வச்சுக்க. அத நீளவாக்குல வையி, குறுக்க வையி, பொறவு மூலைக்கு மூலை வையி. சில நேரம் நீளத்துலயும் அகலத்துலயும் சரியா காட்டும், மூலைக்கு மூலை பாத்தா தட்டு முறுக்கிக் கெடக்கும், அப்படி இருந்தா கால்லதான் குத்தம். ரசமட்டத்துல குமிழி நடுவுல நின்னாலும் அதோட விட்டுராத, பந்த எடுத்து பைய உருட்டு, ரொம்ப பைய. வேகமா போற பந்து சரிவ காட்டிக் கொடுக்காது, நிக்கப்போற நேரத்துலதான் காட்டும், அந்த கடைசி ஒரு சாண் தூரத்துல எந்தப் பக்கம் சாயுதுன்னு குனிஞ்சு பாரு. நாலு பக்கமிருந்தும் உருட்டிப் பாக்கணும், மூணு தட்டுலயும்.

பந்து 38 மில்லிமீட்டர், அதுவும் குஷன் ரப்பரும் மட்டும் வாங்கினது. நம்ம குலசேகரத்து ரப்பர் ஷீட்டையே வெட்டி ஒட்டினா என்னன்னு அம்மை கேட்டா, ஆனா அது வெயிலுக்கு இளகும் குளிருக்கு விறைக்கும், கந்தகம் சேத்து சூடாக்கி வல்கனைஸ் பண்ணினது தான் ஒரே மாதிரி துள்ளும். குஷனுக்க மூக்கு, அதாவது பந்து படுற முனை, தட்டுலருந்து 24 மில்லிமீட்டர் உயரம், அதாவது பந்து உயரத்துல நூத்துக்கு 63 பங்கு போல, போட்டி டேபிளுக்கும் இந்தக் கணக்குதான். அத விட தாழ்ந்தா வேகமா வாற பந்து மேல எழும்பிச் சாடும், ஒசந்தா பந்த கீழ அமுக்கிப் பிடிச்சு வேகத்த தின்னுரும். அதுனால குஷன் அடியில எந்த வாஷரும் வச்சு ஏத்தாண்டாம். குழிக்கு அடியில உள்ள வலை நம்ம குளச்சல் மாமா நைலான் நூல்ல பின்னிக் கொடுத்தது, ஒரு முடிச்சு கூட பிசகாது, பிள்ளைங்ககிட்ட காட்டு.

இனி ஆட்டம். பந்து பதினஞ்சு, கியூ கம்பால அடிக்கிற வெள்ளை தனி. மேல்தட்டுல மூணு பந்து முக்கோணம், நடுத்தட்டுல ஆறு, கீழ்த்தட்டுல ஆறு. கருப்பு எட்டாம் நம்பர் கீழ்த்தட்டு முக்கோணத்துல கடைசி வரிசை நடுவுல வரணும். அடி மேல்தட்டுலருந்து தொடங்கும். ஒரு தட்டுல உள்ளது எல்லாம் குழியில விழுந்த பொறவுதான் வெள்ளைய முன்பக்கம் உள்ள வாசல் வழியா சரிவுல எறக்கி அடுத்த தட்டுக்கு கொண்டு போகலாம். அதுக்கு முந்தி வெள்ளை தானா எறங்கிட்டாலோ, குழியில விழுந்தாலோ ஃபவுல், அடுத்த ஆளு அதே தட்டுல இஷ்டமுள்ள எடத்துல வச்சு அடிக்கலாம். முழு நெறம் ஏழுக்கும் பத்து பத்து பாயிண்ட், வரி போட்ட ஏழுக்கும் இருபது இருபது, எட்டு அம்பது, மொத்தம் 260, அதுனால 130 தாண்டினவன் ஜெயிச்சான். எட்டுக்கு மட்டும் நம்ம படிப்பகத்து கேரம் ரூல்தான், ரெட்டுக்கு போடுற மாதிரி உடனே ஒரு ஃபாலோ, அதாவது அடுத்த அடியிலயே இன்னொரு பந்து, போடணும், போடலன்னா எட்டு திரும்ப நடுவுல வந்துரும், எட்டு கடைசியா மிஞ்சினா மட்டும் ஃபாலோ வேண்டாம். நானும் உனக்க தங்கச்சி மொவனும் ஆடி ஆடி முடிவு பண்ணின ரூல் இது, ஃபாலோ சேத்த பொறவுதான் கடைசி வரைக்கும் யாரு ஜெயிப்பான்னு தெரியாம ஆட்டம் சூடாச்சு.

உனக்கு கேரம் கை, அது எனக்கு தெரியும். கேரம்ல ஓங்கி ஒரு கட்டு அடிச்சா காயின் போயி விழும், ஸ்ட்ரைக்கர் எங்க போனாலும் கவலை இல்ல, திரும்ப கோட்டுல வச்சுக்கலாம். இதுல வெள்ளை நிக்கிற எடத்துலருந்துதான் அடுத்த அடி, அதுனால பந்து எங்க போகும்னு பாக்கிறதுக்கு முந்தி வெள்ளை எங்க நிக்கும்னு பாக்கணும். வெள்ளைக்க நடுமையத்துல கியூ பட்டு, அது உருள ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே எதிர்பந்துல நேருக்கு நேர் மோதினா அங்கயே நிக்கும், வேகம் முழுசும் மத்த பந்துக்கு போயிரும், ரெண்டும் ஒரே எடை ஆனதுனால. கொஞ்சம் கீழ குத்தினா பின்னால வரும், மேல குத்தினா கூடவே ஓடும். வாசல் பக்கம் பந்து கெடக்கும்போது மேல குத்தினா வெள்ளை அதுக்க பொறத்தால ஓடி எறங்கிரும், அங்க கீழ குத்துறதுதான் கெட்டித்தனம். பிள்ளைங்களுக்கு மொதல்ல இத மட்டும் சொல்லிக் கொடு, வெள்ளைய நிறுத்த பழகினா மத்தது தன்னால வரும்.

கியூ நாலு, ரெண்டு சின்னவங்களுக்கு. நுனியில தோல் ஒட்டியிருக்கு, வழுக்காம இருக்க நீல சாக்பீஸ் கட்டியால தேய்க்கணும், லேசா தேச்சா போதும். கேரம் பவுடர மட்டும் தட்டுல உள்ள துணி மேல போட விட்டுராத, துணிக்குள்ள ஏறி பந்த இழுக்கும், பொறவு எடுக்க முடியாது.

பெரிய மொவளுக்கு இதையும் சொல்லு, இந்த வகை ஆட்டத்துல ஸ்னூக்கர் நம்ம நாட்டுல பொறந்தது. நெவில் சேம்பர்லின்னு ஒரு பட்டாளக்காரர் 1875-ல ஜபல்பூர்ல ஆடத் தொடங்கி, பொறவு நம்ம ஊட்டி கிளப்புல வச்சுதான் ரூல் எழுதினாங்க. அவளுக்கு இப்படி வெவரம் கெடச்சா ஸ்கூல்ல போயி சொல்லுவா.

பாகம் எல்லாத்துலயும் பென்சில்ல நம்பர் இருக்கு, கீழ்த்தட்டு ஒண்ணுல தொடங்கும். ஸ்க்ரூ மூணு பொதியா கட்டி எந்தத் தட்டுக்குன்னு எழுதியிருக்கேன், கலக்காத. மருமொவ ஒரு பக்கம் பிடிச்சா நல்லது, மேல்தட்டு உக்காத்தும்போது ஒத்த ஆளா செய்யாண்டாம். மாட்டி முடிச்சதும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, உங்க மொகம் பொறவு பாக்கலாம், மொதல்ல பந்து பைய ஓடி நிக்கிறத தட்டுக்கு சமமா மொபைல தாழ்த்தி வச்சு எடு, எந்தக் கால எவ்வளவு திருப்பணும்னு நான் சொல்லித் தாரேன்.

அப்பா