வாஷிங் மெஷின் வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

இரண்டு மூன்று பேர் உள்ள சின்னக் குடும்பத்துக்கு எந்த வாஷிங் மெஷின் உழைக்கும், டிரையரும் சேர்த்து வாங்கலாமா என்று கடைக்கு வரும் பலரும் கேட்கிறீர்கள். கம்பெனி பெயர் ஒன்றைச் சொன்னால் போதும் என்று எதிர்பார்க்கிறீர்கள். நாங்கள் முதலில் கேட்பது உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான். காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? குழாய்க்கு மேலே டேங்க் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? கழிவுத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? ஒரே கம்பெனியின் ஒரே மாடல் நம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் பத்து வருஷம் ஓடும். இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் வருஷமே ஹீட்டர் போய்விடும். கடையில் நின்றபடி இதையெல்லாம் பேசி முடியாது என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். குக்கருக்குள் படிகிற வெள்ளைப் பொருக்கும், ஷவர் துளைகளை அடைக்கிற கறையும் அதுதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய இடங்களில் உப்பு இன்னும் கூடுதல். 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன சங்கதி அது. குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500, தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது.

டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு "900 காட்டுகிறது" என்று வருகிறவர்கள் உண்டு. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தையும் காட்டுமே தவிர, அதில் ஹீட்டரில் படியக்கூடியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சமையல் உப்பைக் கரைத்தாலும் அந்த எண் ஏறும். வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பை அரை டீஸ்பூன் அளவு சீவிப் போட்டு, மூடி, பத்து முறை குலுக்குங்கள். நுரை எழுந்து நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் தண்ணீர் மென்மையானது. நுரை எழாமல், பால் திரிந்தாற்போல் துணுக்கு துணுக்காக மிதந்தால் கடினத் தண்ணீர். துணி துவைக்கும் பவுடரை இதற்குப் போடாதீர்கள். அது கடினத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும்.

கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு சூடுபட்ட இடத்தில்தான் முதலில் படியும். முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடுகிற ஃப்ரண்ட் லோடு மெஷினில் டிரம்முக்கு அடியில் விரல் கனத்தில் வளைந்த ஹீட்டர் இருக்கும். போர் தண்ணீரில் தினமும் 60 டிகிரி வைத்து ஓட்டிய மெஷினில் அதைக் கழற்றினால் கம்பியின் பளபளப்பு தெரியாது. சாம்பல் வெள்ளையில், பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை போலப் பொருக்குத் தட்டியிருக்கும். நகத்தால் கீறினால் சில்லு சில்லாகப் பெயரும். அந்தப் போர்வைக்குள் கம்பியின் சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே ஏறி, ஒரு நாள் கம்பி வெடித்து, கரன்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழும்.

இதற்காக ஃப்ரண்ட் லோடே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அன்றாடத் துணிக்கு சூடு தேவையே இல்லை. மேல் டேங்கில் வெயில் பட்டு வருகிற நம் ஊர்த் தண்ணீர் பாதி நாள் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. குழந்தைத் துணி, படுக்கை விரிப்பு, துண்டு இவற்றுக்கு மட்டும் 40 டிகிரி வையுங்கள். போர் தண்ணீர் வீடாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, துணி எதுவும் போடாமல், 100 கிராம் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிட்டை, டிரம்முக்குள் நேராகப் போட்டு 60 டிகிரியில் ஒரு சுற்று ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசிவிடுங்கள். அளவைக் கூட்டினால் ரப்பருக்கும் அலுமினியப் பாகங்களுக்கும் ஆகாது. இதனுடன் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும்.

குழாயில் மாட்டுகிற பாலிபாஸ்பேட் ஃபில்டர் சுண்ணாம்பு படிவதைக் குறைக்கும். உள்ளே இருக்கும் மணிகள் கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் வெறும் பிளாஸ்டிக் டப்பா. உப்புப் போட்டு இயங்கும் சாஃப்ட்னர் கடினத்தன்மையை உண்மையாகவே எடுத்துவிடும், ஆனால் இரண்டு பேருக்காக அதை வைப்பது செலவு. வீடு முழுவதற்கும் ஒன்றாக வைப்பதானால் யோசிக்கலாம்.

அடுத்தது தண்ணீரின் வேகம். 10 அடி உயரத்தில் டேங்க் இருந்தால் குழாயில் கிடைப்பது சுமார் 0.3 பார் அழுத்தம். பல ஃப்ரண்ட் லோடு மாடல்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குத்தான் இதில் சிக்கல். தலைக்கு மேலேயே டேங்க் இருந்தும் குழாயில் தண்ணீர் நூலாக வரும். மெஷின் வைக்கப்போகிற குழாயை முழுக்கத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒன்றரை நிமிஷத்துக்குள் நிறைந்தால் எந்த மெஷினும் வாங்கலாம். மூன்று நிமிஷம் ஆகிறது என்றால் ஃப்ரண்ட் லோடு குறித்த நேரத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அதற்குப் பிரஷர் பம்பு வைக்க வேண்டும், அல்லது வேறு வகை பார்க்க வேண்டும்.

முறை வைத்துத் தண்ணீர் விடுகிற தெருவில், குடத்திலும் வாளியிலும் பிடித்து வைத்துப் புழங்குகிற வாடகைப் போர்ஷன் என்றால் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்தான் எங்கள் சிபாரிசு. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். வாளியால் ஊற்றலாம். வெள்ளைத் துணிக்குப் போட்ட சோப்புத் தண்ணீரிலேயே அடுத்து கலர் துணி, கடைசியில் மிதியடி என்று மூன்று ஈடு எடுக்கலாம். எடை குறைவு, வீடு மாறும்போது ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ரிப்பேர் என்றால் டைமர், பிரேக் ஒயர், கெபாசிடர், ஸ்பின் தொட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பெல்லோஸ் என்று சின்னச் சின்னப் பாகங்கள்தான். மெஷினும் துணியும் நம் கையைக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதுதான் குறை.

மேல் மூடியைத் திறந்து துணி போடுகிற டாப் லோடு ஒரு ஈட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் சாதாரணமாக எடுக்கும். ஃப்ரண்ட் லோடு 40 முதல் 60 லிட்டரில் முடித்துவிடும். தண்ணீர் லாரி வாங்குகிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது. முதுகு வலி, முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டில் குனியாமல் போட்டு எடுக்க டாப் லோடு வசதி. நிதானமாக, நேரம் எடுத்துத் துவைத்து, துணியைக் கசக்காமல் வைத்திருப்பது ஃப்ரண்ட் லோடு.

கொள்ளளவு என்பது காய்ந்த துணியின் எடை. ஜீன்ஸ் ஒன்று 600 முதல் 800 கிராம், பருத்திச் சேலை ஏறக்குறைய அரை கிலோ, சட்டை 200 முதல் 250 கிராம், குளியல் துண்டு 400 முதல் 600 கிராம். இரண்டு பேருக்கு 6 அல்லது 6.5 கிலோ தாராளம். குழந்தை இருந்தால் 7. "நாளைக்கு ஆகும்" என்று 9 கிலோ வாங்கி, இரண்டு சேலையும் ஒரு துண்டும் போட்டால் துணி ஒரு பக்கமாகச் சுருண்டு, ஸ்பின்னில் மெஷின் தடதடவென்று ஆடி, நின்று, மறுபடி தண்ணீர் எடுக்கும். பேரிங்குக்குக் கேடு அங்கேதான் ஆரம்பம்.

கதவையும் அளந்து கொண்டு வாருங்கள். ஃப்ரண்ட் லோடு 60 சென்டிமீட்டர் அகலம், அதாவது 2 அடிக்குச் சற்றுக் குறைவு. பழைய வீடுகளில் குளியலறைக் கதவே 2 அடிதான். மெஷின் வாசலோடு நின்றுவிடும். எடையும் பெரும்பாலும் 60 கிலோவுக்குப் பக்கம். இரண்டாம் மாடி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆள் சேர்த்து அனுப்புகிறோம்.

இனி டிரையர். நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கிறது, குழப்பமே அதில்தான். செமி ஆட்டோமேட்டிக்கில் "டிரையர்" என்கிற இரண்டாவது தொட்டி பிழிகிற வேலையை மட்டும் செய்கிறது. டாப் லோடில் "ஏர் டிரை" என்று பட்டன் இருந்தால் அது கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிக் காற்று விடுகிறது. துணி ஈரமாகத்தான் வெளியே வரும். சூடு வைத்து முழுக்கக் காயவைப்பது தனி டிரையரும், வாஷர் டிரையர் என்கிற சேர்ந்த மெஷினும் மட்டுமே. கேட்கும்போது "முழுசா காயுமா?" என்று கேளுங்கள்.

4 கிலோ பருத்தித் துணி நிமிஷத்துக்கு 700 சுற்றில் பிழிந்தால் அதில் இன்னும் 3 லிட்டர் தண்ணீர் இருக்கும். 1,200 சுற்றில் பிழிந்தால் 2 லிட்டர் சொச்சம். அந்த ஒரு லிட்டரை மோட்டார் பிழிந்து எடுக்க ஆகும் கரன்ட் மிகச் சொற்பம். சூட்டில் ஆவியாக்க ஏறக்குறைய ஒரு யூனிட். அதனால் டிரையருக்குப் பணம் போடும் முன் அதிகச் சுற்று உள்ள வாஷருக்குப் போடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நம் மொட்டை மாடியில் வேட்டி ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். அந்த மாதங்களில் டிரையர் சும்மா நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் துணி நாறும். மாடிக்குப் போக வழியில்லாத அபார்ட்மென்ட், கைக்குழந்தை, பக்கத்தில் பைபாஸ் தூசி என்று இருப்பவர்களுக்கு டிரையர் நியாயமான செலவு.

வாஷர் டிரையரில் 8 கிலோ துவைக்கலாம் என்றால் காயவைப்பது 5 கிலோ அளவுதான். பாதித் துணியை வெளியே எடுத்துவிட்டுத்தான் டிரை போட வேண்டும். துவைத்துக் காய 5, 6 மணி நேரம் கூட ஆகும். ஆவியைக் குளிரவைக்கச் சில மாடல்கள் குழாய்த் தண்ணீரையே ஓட விடும். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீரே சூடாக வருவதால் நேரம் இன்னும் இழுக்கும். சூடும் சுண்ணாம்பும் ஒரே டிரம்மில் சேர்வதால் போர் தண்ணீர் வீட்டுக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. இடம் இருந்தால் தனி டிரையர் நல்லது. ஈரக் காற்றை வெளியே தள்ளும் வென்ட் வகைக்குச் சுவரில் 4 அங்குலக் குழாய் போக ஓட்டை வேண்டும். அதே சூட்டைத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகைக்கு ஓட்டை வேண்டாம், கரன்டும் பாதிக்குப் பாதி குறையும், விலை மட்டும் அதிகம். எந்த வகையானாலும் ஒவ்வொரு ஈட்டுக்கும் பஞ்சு வடிகட்டியைக் கழற்றித் துடைக்க வேண்டும். பஞ்சு அடைத்த டிரையரில் தீப்பிடிக்கும். பட்டு, ஜரிகை, எலாஸ்டிக் உள்ளே போகக் கூடாது.

சாதாரண டிரையர் ஒரு ஈட்டுக்கு 2.5 யூனிட் என்று வைத்து, வாரம் மூன்று முறை போட்டால் இரண்டு மாத பில்லில் 65 யூனிட் ஏறும். ஏற்கெனவே 450க்குப் பக்கத்தில் இருக்கிற வீடு 500ஐத் தாண்டிவிடும். அங்கே கட்டண விகிதம் மாறி பில் தாவும்.

வாஷர், டிரையர் இரண்டுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பிளக், சரியாக வேலை செய்யும் எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். "இன்வெர்ட்டர் மோட்டார்" என்றால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் என்று அர்த்தம் இல்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அந்தப் பெயர்.

மெஷின் வந்து இறங்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். ஃப்ரண்ட் லோடின் பின்பக்கம் மூன்று அல்லது நான்கு நீள போல்ட் டிரம்மைப் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் அறை முழுக்க நடக்கும். கழற்றியதைக் கையில் வாங்கி வையுங்கள், வீடு மாறும்போது திரும்ப மாட்ட வேண்டும். நான்கு கால்களையும் மட்டம் பார்த்துத் திருகி, லாக் நட்டை இறுக்கி, எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள்; ஆடக் கூடாது. ஃப்ரண்ட் லோடின் கழிவுக் குழாய் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டியிருக்க வேண்டும். தரையில் போட்டால் உள்ளே வருகிற தண்ணீர் அப்படியே வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். மெஷின் விடிய விடியத் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும். செமி ஆட்டோமேட்டிக்கிலும் பம்பு இல்லாத டாப் லோடிலும் இதற்கு நேர்மாறு, குழாய் தரையோடு கிடக்க வேண்டும்.

ஃப்ரண்ட் லோடின் அடிப்பகுதியில் சின்னக் கதவுக்குள் இருக்கும் பம்பு ஃபில்டரை மாதம் ஒரு முறை திறங்கள். ஊக்கு, பிளவுஸ் கொக்கி, ஹேர்பின், காசு, கரைந்த பஸ் டிக்கெட் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். தண்ணீர் வெளியேறவில்லை என்று வருகிற புகார்களில் பல இதைத் திறந்தாலே தீர்ந்துவிடுகின்றன. தண்ணீர் உள்ளே வருகிற வால்வின் வாயில் இருக்கும் சல்லடையையும் அன்றே பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். போர் மணல் அங்கே அடைக்கும். துவைத்து முடிந்ததும் கதவை இரண்டு விரல் திறந்து வையுங்கள். எலி நடமாட்டம் உள்ள வீட்டில் அடியில் வலைத் தட்டு போட்டே ஆக வேண்டும். எலி கடித்த ஒயருக்குப் பெரும்பாலும் வாரன்டி கிடையாது.

வாரன்டி என்றதும் "மோட்டாருக்கு 10 வருஷம்" என்ற ஸ்டிக்கரைப் பார்க்கிறீர்கள். மோட்டார் அபூர்வமாகத்தான் போகும். போவது எலக்ட்ரானிக் போர்டு, பேரிங், ஆயில் சீல், கதவு ரப்பர், வடிகால் பம்பு. இவற்றுக்கு எத்தனை வருஷம் என்று அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அந்த மாடலின் போர்டு வேலூரிலேயே கிடைக்குமா, சென்னையிலிருந்து வரவேண்டுமா என்றும் எங்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

கடைக்கு வரும்போது மெஷின் வைக்கப்போகும் இடத்தின் அளவு, கதவின் அகலம், வாளி நிறைந்த நேரம் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, அந்தக் குழாயின் தண்ணீரை அரை லிட்டர் பாட்டிலில் பிடித்து வாருங்கள். கடினத்தன்மையை உங்கள் முன்னாலேயே சோதித்து எண்ணைச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை, எங்களிடம்தான் மெஷின் வாங்க வேண்டும் என்றும் இல்லை.

இப்படிக்கு,
விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவினர்,
வேலூர்