கச்சான் காயவைக்க இடம் கொடுங்கள்: கிழக்கு மாகாண விவசாயத் திணைக்களத்துக்கும் வந்தாறுமூலை விவசாய பீடத்துக்கும்

வணக்கம்.

மாரி மழைக்குள் பிடுங்குகிற கச்சானை வாகரைப் பக்கத்துச் சனங்கள் எங்கே காயப்போடுவது? வீதியோரம் படங்கு விரிக்கிறார்கள். மேகம் கறுத்ததும் அள்ளி, ஈரத்தோடேயே சாக்கில் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சாக்குக்குள் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடொக்சினும் வந்துவிடலாம். ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது.

வறுத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுதாகச் சிதைய சுமார் 260 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்குள் கச்சான் கரியாகிவிடும்.

அதனால்தான் சூடில்லாத வழிகளைப் பீடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். புறஊதா ஒளி இந்த நஞ்சு மூலக்கூறின் ஓரத்திலுள்ள இரட்டைப் பிணைப்பை உடைக்கும். ஈரலுக்குள் போய் மரபணுவில் ஒட்டிக்கொள்ள வழிசெய்வதும் அந்தப் பிணைப்புத்தான், அது போனால் வீரியம் பெருமளவு அடங்கும். ஆனால் முழுப் பருப்பில் ஒளி மேற்பரப்போடு நின்றுவிடும். மின்னேற்றிய வாயுவான குளிர் பிளாஸ்மாவுக்கும் இதே குறை உண்டு. காமாக் கதிர் உள்ளே போகும். பூஞ்சணம் சாகும், உலர்ந்த பருப்பிலுள்ள நஞ்சோ பெரும்பாலும் அப்படியே கிடக்கும். என் கணிப்பில் முழுப் பருப்பை விட்டுக் கச்சான் எண்ணெயிலிருந்து தொடங்குவதுதான் சரி. மெல்லிய படலமாக ஓடவிட்டால் ஒளி முழுக்கப் படும். 2021 இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் இதே நஞ்சு பிடிபட்டு நாடே கலங்கியது நினைவிருக்கும். எண்ணெய் காறல் அடிக்கிறதா, உடைந்த துண்டுகள் தீங்கற்றவையா என்பதையும் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பருப்புக்கு இன்றைக்கே கைகொடுப்பது சுளகுதான். ஒரு மூட்டையில் நஞ்சு சமமாகப் பரவியிருக்காது. சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி துளைத்தது என்று சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி எறிந்தாலே பெரும்பங்கு போய்விடும். எறிந்ததை மாட்டுக்கு வைக்கவும் கூடாது, பாலில் வந்துவிடும். இதையெல்லாம் பொறுமையாக இருந்து பொறுக்குகிறவர்கள் எங்கள் பெண்கள். பொறுக்கின கச்சானுக்கும் பொறுக்காததுக்கும் ஒரே விலை என்றால் யார் மினக்கெடுவார்கள்?

திணைக்களத்திடம் கேட்பது இதுதான்: கச்சான் செய்கிற ஊர்களில் கூரையுள்ள உலர்த்தும் தளம், பருப்பின் ஈரம் 8 வீதத்துக்குக் கீழே வந்ததா என்று பார்க்க ஓர் ஈரப்பதமானி, பொறுக்கினதுக்குக் கூடுதல் விலை. பொத்துவில் பக்கத்துச் சோளனுக்கும் இதே தளம் உதவும். அடுத்த மாரிக்கு முன் ஒரு தளமாவது எழும்பட்டும். இடம் பார்க்க வருவதானால் கமக்காரர் அமைப்புக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், ஆட்களோடு நிற்போம்.

இப்படிக்கு,
வாகரைக் கச்சான் செய்கையாளர் வீட்டைச் சேர்ந்த விஞ்ஞான ஆசிரியை