கர்ணனிடம் ஆதாரம் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெச்சூர் நாடகங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையை நினைவூட்டியதற்கு நன்றி. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டிய சபை அது. முதலியாரே உட்கார்ந்து எழுதி வைத்ததால் அதற்குச் சரித்திரம் இருக்கிறது. ஆனால் கட்டுரை சென்னையோடு நின்றுவிட்டது, மேற்கே காவேரிப்பாக்கம் வரைகூட வரவில்லை. இந்தப் பக்கத்தில் ஆயுள் முழுக்க ஆடியும், ஆதாரம் இல்லாததால் கலை விருது கேட்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் நாற்பது வருடத்துக்கு மேல் நாடகம் ஆடியிருக்கிறார். பகலில் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை, ராத்திரியில் ஒத்திகை. ஜமாவில், அதாவது தொழிலாக ஆடும் கூத்துக் குழுவில், ஆடுகிறவருக்குச் சம்பளம் உண்டு. இவர் கைக்காசு போட்டு ஆடியவர். ஊர்ப் பையன்கள் நாடகம் கற்றுக்கொள்வதென்றால் வாத்தியார் சம்பளம், டிராமா செட் வாடகை, ஆர்மோனியம், மிருதங்கம் என்று செலவு இழுக்கும். அதை வேஷத்துக்குத் தக்கபடி பிரித்துக் கட்டுவார்கள். ராஜ வேஷத்துக்கு அதிகம், சேவகனுக்குக் குறைவு. கர்ணன் வேஷத்துக்காக இவர் ஒரு வருடம் போனஸ் பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லி வீட்டம்மா இன்றைக்கும் திட்டுகிறார். கர்ணனின் மனைவி பொன்னுருவி வேஷத்துக்கு வெளியே ஆள் தேடியிருக்க வேண்டியதில்லை.

முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசி, கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு நின்றால் ஆளே மாறிவிடுவார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை, கனமே இருக்காது என்பார்கள். விடிய விடிய கட்டிக்கொண்டு சுழன்று ஆடியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு முந்தின இரவு கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் நாடகம் வைப்பது வழக்கம். சொந்தபந்தம் கூப்பிட்டால் இவர் போய் ஆடுவார். அம்பு பட்ட கர்ணன் குந்தி மடியில் கிடக்கிறான். குந்தி ஒப்பாரி வைக்க, செத்தவர் வீட்டுப் பெண்களும் பந்தலில் சேர்ந்து அழுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, நாடகத்தை நடத்திக்கொண்டு போகும் கோமாளியான கட்டியங்காரன் மைக்கைப் பிடித்து, "மாமன் முறைக்காரர் கர்ணனுக்கு அம்பத்தோரு ரூபாய் அன்பளிப்பு" என்பான். உயிர் போய்க்கொண்டிருக்கும் கர்ணன் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் சாய வேண்டும். இவர் அதைச் செய்யும்போது ஒருவருக்கும் சிரிப்பு வந்ததில்லை, அழுகையும் நின்றதில்லை. இதைவிடப் பெரிய நடிப்பு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டக் கலை மன்றங்கள் வயதுவாரியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருதுகள் தருகின்றன. முதுமணிக்கு 65 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். இவருக்கு வயது இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. போட்டோ, சான்றிதழ், நோட்டீஸ் என்று கேட்டால் எங்கே போவார்? திருவிழா நோட்டீஸில் உபயதாரர்களிலிருந்து மைக் செட் கடைவரை எல்லாப் பெயரும் இருக்கும். நாடகத்துக்கு மட்டும் 'ஊர் இளைஞர்கள் நடிக்கும்' என்று ஒரே வரி. போதாக்குறைக்கு மாவட்டமும் மாறிக்கொண்டே இருந்தது. இவர் முதலில் மேடை ஏறியபோது வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்ததும் வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை. ஊரை விட்டு நகராத மனிதர் நாலு மாவட்டத்துக் கலைஞர் ஆகிவிட்டார். எந்த மாவட்டத்துக் காகிதத்திலும் பெயர் இல்லை.

திருவிழாக் கமிட்டிக்காரர்கள் இனிமேலாவது இன்ன வேஷம் இன்னார் என்று நோட்டீஸில் போடட்டும். அதற்கு அச்சகத்தில் தனிக் காசு கேட்கப் போவதில்லை. பழைய ஆட்களுக்கு, கற்றுக்கொடுத்த வாத்தியாரோ ஊர்ப் பெரியவர்களோ எழுதித் தரும் கடிதத்தைத் தேர்வுக் குழு ஏற்றுக்கொள்ளலாம். அதுவும் போதாதென்றால் நேரில் வரச் சொல்லி ஒரு விருத்தம் பாடச் சொல்லலாமே. பாட்டு முழுவதும் இவருக்கு இன்னும் மனப்பாடம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விருதுகளுக்கு விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பு வந்தால் சில நாட்கள் முன்கூட்டியே, கண்ணில் படும்படி வெளியிடுங்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் பார்த்தால், வயதானவரை அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்கு ஓட முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வாலாஜாபேட்டை வட்டம்